உமிச்சாம்பல் சிலிக்காவும் சிரட்டைக்கரியும்: தாங்கியின் அமைப்பு உலோக ஊக்கியின் செயற்பாட்டை எவ்வாறு மாற்றுகிறது?

கேள்வி – களுதாவளை மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் இரசாயனவியலைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் இறுதியாண்டு மாணவி. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் தாராளமாகக் கிடைக்கும் இரண்டு பொருட்களைத் தாங்கிகளாக, அதாவது உலோகத்தைத் தம்மேல் பரப்பி வைத்திருக்கும் திண்மங்களாகக் கொண்டு வெள்ளி ஊக்கி தயாரிப்பதே எனது ஆய்வு. ஒன்று நெல் உமியிலிருந்து பெற்ற சிலிக்கா, மற்றது சிரட்டைக்கரி.

முதலில் ஓர் அரிசி ஆலையின் கொதிகலன் அடியில் கிடந்த சாம்பலை எடுத்துவந்து முயன்றேன். அது சாம்பல் நிறமாகவும் கருமையாகவும் இருந்ததோடு வெள்ளியைப் பிடித்து வைத்திருக்கவும் இல்லை. பின்னர் எரிக்காத உமியை வாங்கி, ஐதான ஐதரோகுளோரிக்கமிலத்தில் கொதிக்கவைத்து, கழுவி, உலர்த்தி, 600 பாகை செல்சியஸில் எரித்தபோது பஞ்சுபோன்ற வெண்ணிறச் சாம்பல் கிடைத்தது. அதன் மேற்பரப்பளவு கிராமுக்கு ஏறத்தாழ 240 சதுரமீற்றர் என அளந்து தந்தார்கள். சிரட்டைக்கரியை நான் தயாரிக்கவில்லை; செயற்படுத்தப்பட்ட கரியாக விற்கப்படுவதை வாங்கினேன். அதன் பொதியில் கிராமுக்கு 1000 சதுரமீற்றர் அளவில் எனக் குறிக்கப்பட்டிருந்தது.

இரண்டு தாங்கிகளையும் ஒரே செறிவுள்ள வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் ஊறவைத்து, 110 பாகையில் உலர்த்தி, சோடியம் போரோஐதரைட்டினால் தாழ்த்தினேன். இரண்டிலும் வெள்ளி நிறைப்படி 2 சதவீதம். பரிசோதிப்பதற்கு 4-நைத்திரோபீனோலை 4-அமினோபீனோலாகத் தாழ்த்தும் தாக்கத்தைத் தெரிவுசெய்தேன். போரோஐதரைட்டு மிகையாக இருக்கும்போது கரைசல் நல்ல மஞ்சளாக இருக்கும். 400 நனோமீற்றரில் அந்த மஞ்சள் குறைந்து செல்வதை ஒளிமானியில் பார்த்துத் தாக்கவீதத்தைக் கணித்தேன்.

மேற்பரப்பளவு நான்கு மடங்காக இருப்பதால் கரியே வெல்லும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் சிலிக்கா மீதிருந்த வெள்ளி ஒன்பது நிமிடங்களில் மஞ்சளை முற்றாக நீக்கியது. கரியில் முதல் இரண்டு நிமிடங்கள் நிறம் மிக விரைவாக இறங்கியது; அதன்பின் ஊர்ந்து ஊர்ந்து, அரை மணித்தியாலத்தின் பின்னரும் இளமஞ்சள் எஞ்சியது. வடித்தெடுத்து மறுமுறை பயன்படுத்தியபோது சிலிக்கா ஏறக்குறைய முன்போலவே வேலை செய்தது. கரியிலோ அந்த முதல் இரண்டு நிமிட வேகமும் இருக்கவில்லை.

இன்னொன்றும் எனக்கு விளங்கவில்லை. சிலிக்கா மாதிரியில் ஒரு பகுதியை வளியில் 500 பாகையில் மூன்று மணித்தியாலம் சூடாக்கினேன். சிலிக்காவின் மேற்பரப்பளவு பெரிதாகக் குறையவில்லை. ஆனால் ஊக்கி முன்னையதைவிட வெகுவாக மந்தமாகிவிட்டது.

மேற்பரப்பளவு கூடினால் ஊக்கி நன்றாக வேலை செய்யும் என்றே நாம் படித்துவந்தோம். அப்படியானால் தாங்கியின் எந்தப் பண்பு உண்மையில் உலோகத்தின் வேலையைத் தீர்மானிக்கிறது? தாங்கி வெறும் இருக்கைதானா, அல்லது தாக்கத்தில் அதற்கும் பங்குண்டா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பேருதவியாக இருக்கும்.


மறுமொழி 1 – வந்தாறுமூலை, ஓய்வுநிலை விரிவுரையாளர்

மகள், உங்கள் பதிவில் விடையின் பாதி ஏற்கனவே இருக்கிறது. கரியில் முதல் இரண்டு நிமிடங்கள் விரைவு, பின் மந்தம், மறுமுறை அந்த விரைவே இல்லை என்று கவனமாகக் குறித்திருக்கிறீர்கள். அந்த முதல் இரண்டு நிமிடங்களில் நடந்தது பெரும்பாலும் தாக்கமே அல்ல என்பது என் எண்ணம். கரி நைத்திரோபீனோலைத் தன்மேல் புறத்துறிஞ்சிக்கொண்டது. மஞ்சள் கரைசலைவிட்டு நீங்கியதே தவிர 4-அமினோபீனோலாக மாறவில்லை. கரியின் இடங்கள் நிரம்பியதும் வெள்ளியின் உண்மையான, மந்தமான வேகம் வெளியே தெரிந்தது. இரண்டாம் தடவை இடங்கள் ஏற்கனவே நிரம்பியிருந்தமையால் அந்த விரைவு காணாமற்போனது. வெள்ளி ஏற்றாத வெறுங்கரியையும் வெறுஞ்சிலிக்காவையும் தனித்தனியே இட்டு அதே அளவீட்டைச் செய்து பாருங்கள். அத்துடன் 400 நனோமீற்றரில் மட்டும் பார்க்காமல் 300 நனோமீற்றருக்கு அருகில் அமினோபீனோலின் உறிஞ்சல் எழுகிறதா என்பதையும் பாருங்கள். மஞ்சள் குறைந்த அளவுக்கு அது எழாவிட்டால் மீதி கரிக்குள் இருக்கிறது.

இனி மேற்பரப்பளவுக்கு வருவோம். 1938 இல் புரூணவர், எம்மெற், ரெல்லர் ஆகிய மூவரும் வகுத்த முறைப்படி, திரவ நைதரசனின் வெப்பநிலையில் நைதரசன் மூலக்கூறுகள் ஒரு திண்மத்தின் மேல் எவ்வளவு படிகின்றன என்று அளந்தே உங்கள் எண்கள் இரண்டும் பெறப்பட்டிருக்கும். நைதரசன் மிகச் சிறிய மூலக்கூறு. சிரட்டைக்கரியின் நுண்டுளைகளில் மிகப்பெரும்பாலானவை இரண்டு நனோமீற்றருக்கும் குறைந்த அகலமுடையவை. நைதரசன் அவற்றுள் புகுந்து எல்லாச் சுவர்களையும் எண்ணிவிட்டு வருகிறது. ஆனால் ஐந்து நனோமீற்றர் விட்டமுள்ள வெள்ளித் துணிக்கை ஒரு நனோமீற்றர் துளைக்குள் எவ்வாறு அமரும்? ஆயிரம் அறைகளுள்ள களஞ்சியம் ஒன்றைக் கட்டி, ஒவ்வோர் அறையின் வாசலையும் நெல்மூடை நுழைய முடியாத அகலத்தில் வைத்தால், மூடைகள் எல்லாம் முற்றத்திலேதான் அடுக்கப்படும். கரியின் 1000 சதுரமீற்றரில் வெள்ளிக்கு உண்மையாகக் கிடைத்த இடம் வெளிப்பரப்பும் ஒருசில அகன்ற துளைகளும் மட்டுமே. உமிச்சிலிக்காவின் துளைகளில் பெரும்பகுதி இரண்டு நனோமீற்றரைக் கடந்த நடுத்தரத் துளைகள். 240 சதுரமீற்றர் என்றாலும் அதிற் பெரும்பங்கு உலோகத்தாலும் தாக்கியாலும் எட்டக்கூடிய இடம்.

கரியில் நிலைமையை இன்னும் மோசமாக்கும் ஒரு காரணம் உண்டு. கரியே ஒரு தாழ்த்தி. வெள்ளி அயன் கரைசலிலிருந்து உள்ளே பரவுவதற்கு முன்னரே கரியின் வெளிப்பரப்பு அதனை உலோக வெள்ளியாகத் தாழ்த்திவிடும்; முதலில் விழுந்த வெள்ளியின் மேலேயே அடுத்ததும் வளரும். ஆகவே நீங்கள் போரோஐதரைட்டைச் சேர்க்கும் முன்பே கரியின் தோலில் பெரிய வெள்ளிப் பளிங்குகள் உருவாகியிருக்கக்கூடும். துணிக்கை ஒன்றின் விட்டம் ஏறத்தாழ இரண்டு நனோமீற்றராக இருந்தால் அதன் அணுக்களில் பாதியளவு மேற்பரப்பில் இருக்கும்; பத்து நனோமீற்றரானால் பத்தில் ஒரு பங்குதான். ஆதலால் இரண்டு மாதிரியிலும் 2 சதவீத வெள்ளி இருந்தாலும், வேலைக்கு வெளியே நிற்கும் வெள்ளி அணுக்களின் தொகை இரண்டிலும் மிக வேறுபட்டிருக்கும். ஊக்கி ஒன்றில் நீங்கள் தேட வேண்டிய பரப்பு உலோகத்தின் பரப்பே. தாங்கியின் பரப்பு அதற்கு இடங்கொடுத்தாற்றான் பயன்.

சிலிக்காவில் நடந்தது வேறு. சிலிக்காவின் மேற்பரப்பில் ஐதரொட்சில் கூட்டங்கள் உள்ளன. பீ.எச். பெறுமானம் 2 அல்லது 3 ஐத் தாண்டினாலே அப்பரப்பு மறையேற்றம் பெறத் தொடங்கிவிடும். வெள்ளி அயன் நேரேற்றமுடையது. எனவே அது சுவரெங்கும் பரந்து ஒட்டிக்கொள்கிறது. அலுமினியம் ஒட்சைட்டான அலுமினாவை எடுத்தால் அதன் ஏற்றம் மாறும் எல்லை பீ.எச். 8 அளவில் இருக்கிறது. அதனாலேதான் பிளாற்றினத்தை மறையேற்றமுள்ள குளோரைட்டுச் சிக்கலயனாக அமிலக் கரைசலில் அலுமினா மேல் ஏற்றுவார்கள். சிலிக்கா என்றால் அதே பிளாற்றினத்தை நேரேற்றமுள்ள அமோனியாச் சிக்கலயனாக மூலக் கரைசலில் ஏற்றுவார்கள். உலோகம் எந்த வடிவில் கரைசலில் இருக்கிறது என்பதையும் தாங்கியின் மேற்பரப்பு எந்த ஏற்றத்தில் இருக்கிறது என்பதையும் பொருத்தாமல் ஊறவைப்பது, அதிட்டத்தை நம்பி விதைப்பதற்கு ஒப்பானது.

500 பாகையில் நடந்ததற்கு வெள்ளியின் உருகுநிலையைப் பாருங்கள். அது 962 பாகை செல்சியஸ், கெல்வினில் 1235. உருகுநிலையின் பாதியளவு கெல்வின் வெப்பநிலையை ஓர் உலோகம் எட்டும்போது அதன் அணுக்கள் குறிப்பிடத்தக்க அளவில் இடம்பெயரத் தொடங்கும் என்பது நாம் பயன்படுத்தும் பருமட்டான விதி. வெள்ளிக்கு அது 344 பாகை செல்சியஸ். சிலிக்கா வெள்ளியை வலுவாகப் பிடித்து வைப்பதில்லை. ஆகவே சிறு துணிக்கைகள் நகர்ந்து ஒன்றோடொன்று இணைந்தும், சிறியவற்றிலிருந்து கழன்ற அணுக்கள் பெரியவற்றிற் சேர்ந்தும், வெள்ளி திரண்டுவிட்டது. வீடு அப்படியே நிற்க, உள்ளிருந்தவர்கள் ஒரே அறையிற் கூடிவிட்டார்கள். உங்கள் மேற்பரப்பளவு அளவீடு வீட்டை மட்டுமே அளந்தது.

ஆலைச் சாம்பலைப் பற்றியும் ஒரு சொல். உமியில் இயற்கையாகவே பொற்றாசியம் உண்டு. அமிலத்தால் அதனை அகற்றாமல் எரித்தால் அது சிலிக்காவை இளகச் செய்து துளைகளை மூடிவிடும். கரியும் உள்ளே சிறைப்பட்டு எரியாமல் நிற்கும், கருமைக்கு அதுவே காரணம். கொதிகலனின் உயர் வெப்பத்தில் சிலிக்கா பளிங்காகவும் மாறத் தொடங்கும். எனவே அந்தச் சாம்பலை நீங்கள் கைவிட்டது சரி. நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ இருபது கிலோ உமியும், அதிலிருந்து நான்கு கிலோ அளவு சாம்பலும், அச்சாம்பலில் பத்தில் ஒன்பது பங்களவு சிலிக்காவும் கிடைக்கின்றன. நமது பிரதேசத்தில் மாரிப் போகமும் யலப் போகமும் தரும் நெல்லை எண்ணிப் பார்த்தால், இந்த ஆய்வைச் செம்மையாகச் செய்து முடிப்பது எவ்வளவு பெறுமதியானது என்பது விளங்கும்.

உயர்தரத்தில் அற்கைனுக்கு ஐதரசன் சேர்த்து அற்கீனில் நிறுத்துவதற்குப் பலேடியம், பேரியம் சல்பேற்று, குயினோலீன் என்று எழுதியிருப்பீர்கள். அங்கே பேரியம் சல்பேற்றுத்தான் தாங்கி. பரப்புக் குறைந்த அந்தத் தாங்கி பலேடியத்தின் வேகத்தைக் கட்டுக்குள் வைக்கிறது. குயினோலீன் மிகுதியை அடக்குகிறது. கூடிய பரப்பு எப்போதும் விரும்பப்படுவதில்லை என்பதற்கு அது முதற்சான்று. நீங்கள் கையாளும் வெள்ளியே இரண்டாவது சான்று. எதிலீனை எதிலீன் ஒட்சைட்டாக மாற்றும் தொழிலில் வெள்ளியை, அலுமினாவின் ஒரு பளிங்கு வடிவமான அல்பா அலுமினா மீதுதான் ஏற்றுகிறார்கள். அதன் பரப்பு கிராமுக்கு ஒரு சதுரமீற்றர் அளவிலேதான் இருக்கும். அலுமினாவின் இன்னொரு வடிவமான காமா அலுமினா நூற்றுக்கு மேல் தரும். ஆனால் அதன் துளைகளில் அகப்பட்ட விளைவு வெளியேறுமுன் அமிலத்தன்மையுள்ள மேற்பரப்பில் உருமாறி, இறுதியில் காபனீரொட்சைட்டாக எரிந்துவிடும்.


மறுமொழி 2 – அக்கரைப்பற்று வாசகர்

அஸ்ஸலாமு அலைக்கும். நான் ஆய்வாளன் அல்லன். வளைகுடா நாடொன்றின் அமோனியா ஆலையில் பதினான்கு வருடங்கள் ஊக்கி நிரப்பும் பிரிவிலும் இயக்கப் பிரிவிலும் வேலை செய்து ஊருக்குத் திரும்பியவன். சேர் சொன்ன இறுதிப் பந்தியை வாசித்ததும் எழுதத் தோன்றியது. ஏனெனில் பெரிய ஆலைகளில் தாங்கி என்பது முதலில் உடையாமல் நிற்கும் ஒரு பொருளாகவே தெரிவுசெய்யப்படுகிறது.

இயற்கை வாயுவையும் நீராவியையும் சேர்த்து ஐதரசன் எடுக்கும் உலையில் நீளமான குழாய்கள் செங்குத்தாகத் தொங்கும். அவற்றினுள்ளே நிக்கல் ஊக்கி நிரப்பப்படும். குழாயின் கீழ்முனையில் வெப்பநிலை 800 பாகைக்கு மேல். சேர் சொன்ன விதிப்படி நிக்கலுக்குக் கணக்கிட்டால், அதன் உருகுநிலை 1455 பாகை என்பதால், அணுக்கள் இடம்பெயரும் எல்லை ஏறத்தாழ 590 பாகையில் வருகிறது. அதாவது அந்த ஊக்கி தன் வாழ்நாள் முழுவதையும் அந்த எல்லைக்கு மேலேயே கழிக்கிறது. அப்படியிருந்தும் வருடக்கணக்கில் வேலை செய்கிறது. அதற்குக் காரணம் தாங்கிதான். அல்பா அலுமினா, மக்னீசியமும் அலுமினியமும் சேர்ந்த ஸ்பினல், கல்சியம் அலுமினேற்று போன்றவையே அங்கு பாவிக்கப்படும். பரப்புக் குறைவு, ஆனால் அந்த வெப்பத்திலும் நீராவியிலும் அவை இனி மாறுவதற்கு ஒன்றுமில்லாதவை. காமா அலுமினாவை அங்கே வைத்தால் சுருங்கி அல்பாவாக மாறும். மாறும்போது துளைகள் இடிந்து, உள்ளிருக்கும் நிக்கலையும் புதைத்துவிடும். நிக்கலின் ஒரு பகுதி அலுமினாவோடு சேர்ந்து நிக்கல் அலுமினேற்றாகவும் போய்விடும். அதனைத் திரும்ப உலோகமாக்குவது எளிதல்ல.

தங்கச்சி கேட்ட சிலிக்காவுக்கு அந்த ஆலையில் இடமே இல்லை. உயர் வெப்பநிலையில், அமுக்கத்தில் உள்ள நீராவி சிலிக்காவை ஆவியாகத் தூக்கிச் சென்று, பின்னால் வாயு குளிரும் இடத்தில், வெப்பப் பரிமாற்றியின் குழாய்களில் படியவைத்துவிடும். எனவே வாங்கும் ஊக்கியில் சிலிக்கா மிகக் குறைவாக இருக்க வேண்டும் என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அறை வெப்பநிலையில் நீரில் சிறப்பாக வேலை செய்யும் தாங்கி அந்த உலையில் ஒரு மாதமும் நிற்காது. ஆகையால் நல்ல தாங்கி எது என்று கேட்பவரிடம், எந்த வெப்பத்தில், எந்த வாயுவில், எத்தனை வருடத்துக்கு என்று திரும்பக் கேட்க வேண்டும்.

வடிவத்தையும் சொல்ல வேண்டும். ஊக்கி உருளைகளில் நான்கு அல்லது ஏழு துளைகள் நீளவாக்கில் இடப்பட்டிருக்கும். தாக்கம் மிக வேகமாக நடப்பதால் வாயு உருளையின் தோலைத் தாண்டி உள்ளே போவதற்குள் வேலை முடிந்துவிடும். உள்ளே இருக்கும் நிக்கல் சும்மா இருக்கும். எனவே தோலைப் பெருக்கத் துளை இடுகிறார்கள். அதேநேரம் துளைகள் கூடினால் உருளை பலவீனமாகும். நிரப்பும்போது உடைந்து தூளானால் அந்தக் குழாயில் வாயு ஓட்டம் குறையும், குழாய் அளவுக்கு மீறிச் சூடாகிச் செந்நிறமாக ஒளிரும். உலையின் பார்வைத் துவாரத்தினூடாக அப்படி ஒளிரும் குழாயை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிடி தூளினால் வந்த வினை அது. அன்றிலிருந்து ஒவ்வொரு குழாயையும் நிரப்பி முடித்ததும் அதன் அமுக்க வீழ்ச்சியை இருமுறை அளக்காமல் நான் கையொப்பமிட்டதில்லை.


மறுமொழி 3 – கல்லடி, பட்டப்பின்படிப்பு மாணவி

சேர் எழுதியவற்றில் பெரும்பகுதியை முழுமையாக ஏற்கிறேன். ஒன்றை மட்டும் சற்று மாற்றிச் சொல்ல விரும்புகிறேன். தாங்கியின் பரப்பு உலோகத்துக்கு இடங்கொடுத்தாற்றான் பயன் என்று சேர் எழுதியது சிலிக்காவுக்குப் பொருந்தும். சில ஒட்சைட்டுகளோ இடங்கொடுப்பதோடு நிற்பதில்லை. அவை உலோகத்தின் மீது ஏறிப் படர்கின்றன, தாக்கத்துக்கு ஒட்சிசனையும் கொடுத்து வாங்குகின்றன. ‘வெறும் இருக்கைதானா’ என்ற தங்கச்சியின் கேள்விக்கு அங்கேதான் விடை இருக்கிறது.

1978 இல் அமெரிக்காவின் எக்சன் நிறுவனத்தில் ரோஸ்ரரும் அவருடைய துணை ஆய்வாளர்களும் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் போன்ற உலோகங்களைத் தைத்தேனியமீரொட்சைட்டு மீது ஏற்றி ஐதரசனில் தாழ்த்தினார்கள். 200 பாகையில் தாழ்த்தியபோது அவை வழமைபோல் ஐதரசனையும் காபனோரொட்சைட்டையும் புறத்துறிஞ்சின. 500 பாகையில் தாழ்த்தியதும் அந்தத் திறன் ஏறத்தாழ அற்றுப்போனது. உலோகம் திரண்டுவிட்டது என்றே எவரும் முதலில் எண்ணுவர். ஆனால் துணிக்கைகள் வளர்ந்திருக்கவில்லை. அதே மாதிரியை ஒட்சியேற்றி மீண்டும் தாழ்ந்த வெப்பநிலையில் தாழ்த்தியபோது இழந்த திறன் திரும்பி வந்தது. திரண்ட உலோகம் அப்படித் திரும்பாது. பகுதியாகத் தாழ்த்தப்பட்ட தைத்தேனியம் ஒட்சைட்டு மெல்லிய படலமாக உலோகத் துணிக்கையின் மேல் ஊர்ந்து ஏறி அதனை மூடுவதே காரணம் எனப் பின்னர் தெளிவாகியது. ஆகவே ஓர் ஊக்கி மந்தமாகும்போது உலோகம் திரண்டதா, தாங்கி மூடியதா என்பதை வேறுபடுத்திப் பார்க்க வேண்டும். தங்கச்சியின் 500 பாகை மாதிரியில் சிலிக்காவும் வளியும் என்பதால் சேர் சொன்ன திரட்சியே பொருத்தம். அதில் எனக்கு ஐயமில்லை.

தங்கத்தின் வரலாறு இதைவிட வியப்பானது. தங்கம் எதனோடும் எளிதில் தாக்கம் புரியாத உலோகம் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1987 இல் ஜப்பானில் மசதாக்கே ஹருத்தா, தங்கத்தை மிகச் சிறு துணிக்கைகளாக இரும்பு, கோபாற்று போன்றவற்றின் ஒட்சைட்டுகளோடு சேர்த்தபோது அது பூச்சியத்துக்கு வெகு கீழே, மறை 70 பாகையிலும் காபனோரொட்சைட்டை ஒட்சியேற்றுவதைக் காட்டினார். 1998 இல் அமெரிக்க ஆய்வாளர் குட்மனின் குழுவினர் தைத்தேனியமீரொட்சைட்டு மீது இரண்டு அணுப் படை தடிப்புள்ள, ஏறத்தாழ மூன்று நனோமீற்றர் அகலமுள்ள தங்கத் தீவுகளே மிக வேகமாக வேலை செய்கின்றன என்று கண்டனர். ஒத்த பருமனுள்ள தங்கத்தைச் சிலிக்கா மீது வைத்தால் அந்த வேகம் பொதுவாகக் கிடைப்பதில்லை. தங்கமும் ஒட்சைட்டும் சந்திக்கும் விளிம்பிலேயே ஒட்சிசன் ஏவப்படுகிறது. துணிக்கை சிறியதாக இருக்கும்போது அதன் பருமனோடு ஒப்பிடுகையில் அந்த விளிம்பு நீண்டதாக இருக்கும்.

மோட்டார் வாகனங்களின் புகைபோக்கியில் உள்ள ஊக்கிமாற்றியிலும் இதே செய்திதான். கோடியரைற்று என்ற சுடுமண் வகைத் தேன்கூட்டின் சுவரில் காமா அலுமினாவைப் பூசி, அதனுள் சீரியமீரொட்சைட்டைச் சேர்த்து, அதன் மேல் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகியவற்றை ஏற்றுவார்கள். தேன்கூடு புகையை எளிதாக விடுகிறது. அலுமினா பரப்பைத் தருகிறது. சீரியமோ நான்கேற்றத்துக்கும் மூவேற்றத்துக்கும் இடையே மாறி மாறி, ஒட்சிசன் மிகும்போது சேமித்துக் குறையும்போது கொடுக்கிறது. ஒரே பொருளின் வடிவங்கூட அங்கே பேசுகிறது. சீரியமீரொட்சைட்டைக் கோலாகவும் கனசதுரமாகவும் பன்முகியாகவும் வளர்த்தால் வெளியே தெரியும் பளிங்கு முகங்கள் மாறும். 2016 இல் வெளியான ஓர் ஆய்வில், பிளாற்றினம் ஏற்றிய அலுமினாவோடு சீரியமீரொட்சைட்டைக் கலந்து வளியில் 800 பாகையில் சூடாக்கியபோது, ஆவியாகி நகர்ந்த பிளாற்றினம் சீரியத்தின் மேற்பரப்பில் தனித்தனி அணுக்களாகச் சிறைப்பட்டது. கோல்களும் பன்முகிகளும் கனசதுரங்களை விட நன்றாகப் பிடித்தன. உலோகத்தைத் திரளவைக்கும் அதே வெப்பம், தகுந்த தாங்கி அருகிலிருந்தால் உலோகத்தைப் பரப்பவும் செய்கிறது. இந்த ஓர் ஆய்வை வாசித்த நாளிலேயே நான் என் ஆய்வுத் தலைப்பை முடிவு செய்தேன்.

தங்கச்சிக்கு நேரமிருந்தால் மூன்றாவது தாங்கியாகத் தைத்தேனியமீரொட்சைட்டைச் சேர்த்துப் பார்க்கலாம். புல்மோட்டைக் கரையில் தைத்தேனியம் அடங்கிய இல்மனைற்று மணல் இருக்கிறது என்பதால் அதிலிருந்தே தயாரிக்க ஆசை வரும். ஆனால் அது இறுதியாண்டுக்குள் முடியும் வேலை அல்ல. தயாரித்த தூளை வாங்குவதே நல்லது. அதன் பரப்பு சிலிக்காவை விடக் குறைவாகத்தான் இருக்கும். அப்படியிருந்தும் மேற்பரப்பு வெள்ளி அணு ஒன்றுக்கான வேகம் கூடினால், தாங்கி பங்கெடுக்கிறது என்று சொல்ல உங்களிடம் ஆதாரம் இருக்கும்.


களுதாவளை மாணவி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சேர் சொன்னபடி வெறுந்தாங்கிகளை முதலில் பரிசோதித்தேன். வெள்ளியில்லாத கரியிலும் முதல் இரண்டு நிமிடங்களில் மஞ்சள் அதேபோல் விரைவாக இறங்கியது. பின்பு ஓரிடத்தில் நின்றுவிட்டது. 300 நனோமீற்றரில் எதுவும் எழவில்லை. வெறுஞ்சிலிக்காவில் மாற்றமே இல்லை. நான் தாக்கவீதம் என்று கணித்து எழுதியிருந்த எண்ணை ஆய்வேட்டிலிருந்து நீக்கிவிட்டேன்.

வெள்ளி கரைந்து கரைசலில் வேலை செய்கிறதா என்ற ஐயமும் இருந்ததால், சிலிக்கா மாதிரியைத் தாக்கத்தின் இடையில் வடித்து அகற்றினேன். வடிதிரவத்தில் மஞ்சள் அதன்பின் குறையவில்லை.

இன்னொரு பிழையும் அகப்பட்டது. கரியை வாங்கியதும் அதன் தூசு போக வீட்டுக் கிணற்று நீரால் கழுவியிருந்தேன். எங்கள் வீடு கடற்கரையோரம். நீர் சற்று உவர். அந்த நீரில் ஒரு துளி வெள்ளி நைத்திரேற்றை விட்டபோது வெண்ணிறக் கலங்கல் தோன்றியது. ஆகவே கரியில் என் வெள்ளியின் ஒரு பகுதி வெள்ளிக் குளோரைட்டாகப் படிந்திருக்க வேண்டும். இனி இரண்டு தாங்கிகளையும் காய்ச்சி வடித்த நீரால், கழுவிய நீரில் வெள்ளி நைத்திரேற்றை விட்டாலும் கலங்கல் தோன்றாத நிலை வரும்வரை கழுவப் போகிறேன். வெள்ளித் துணிக்கைகளின் பருமனை எங்களிடமுள்ள வசதியைக் கொண்டு எவ்வாறு அறியலாம் என்பதையும், கரியில் வெள்ளியைச் சீராக ஏற்ற வழியுண்டா என்பதையும் சொல்வீர்களா சேர்?


வந்தாறுமூலை, ஓய்வுநிலை விரிவுரையாளர்

எழுதிய எண்ணைத் தானே நீக்கும் மாணவியைக் காண்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. கல்லடி மகள் திருத்தியதையும் ஏற்றுக்கொள்கிறேன். என் வாக்கியம் சிலிக்காவையும் கரியையும் மனதில் வைத்து எழுதப்பட்டது, எல்லாத் தாங்கிகளுக்கும் அதைப் பொதுவாக்கியிருக்கக் கூடாது. அக்கரைப்பற்று வாசகர் சொன்ன தோல் விடயத்தை உங்கள் கரியிலும் சோதிக்கலாம். அதே கரியை மேலும் நுண்ணியதாக அரைத்தபின் வேகம் கூடினால், தாக்கி உள்ளே பரவுவதே தடையாக இருக்கிறது என்று பொருள். கலக்கும் வேகத்தை மாற்றிப் பார்ப்பதையும் விடாதீர்கள்.

துணிக்கைப் பருமனுக்கு எக்ஸ்கதிர்க் கோணல் அளவீடு போதும். செப்பு இலக்கைக் கொண்ட கருவியில் வெள்ளியின் முதன்மை உச்சி 38 பாகைக் கோணத்துக்கு அருகில் வரும். சிலிக்கா 22 பாகையளவில் அகன்ற மேடாக மட்டும் தெரியும். உச்சி எவ்வளவு அகன்றிருக்கிறதோ அவ்வளவு துணிக்கை சிறியது; 1918 இல் ஷெரர் தந்த சமன்பாட்டால் அதைக் கணிக்கலாம். மூன்று நனோமீற்றருக்குக் கீழே உச்சி மேட்டோடு கரைந்துவிடும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள். சூடாக்காத சிலிக்கா மாதிரியையும் 500 பாகையில் சூடாக்கியதையும் ஒரே தாளில் வரைந்தால் திரட்சி கண்ணுக்கே தெரியும். பின்னர் வேகத்தை வெள்ளியின் ஒரு கிராமுக்கும், மேற்பரப்பு வெள்ளி அணு ஒன்றுக்கும் எனத் தனித்தனியே கணித்து எழுதுங்கள். ஆய்வேட்டில் தாங்கியின் ஒரு கிராமுக்கு என எழுதிய நிரல் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

கரியில் சீராக ஏற்றுவது கடினம். அதற்கு முன் கரியை ஐதான நைத்திரிக்கமிலத்தில் சூடாக்கி மேற்பரப்பில் காபொட்சிலிக் கூட்டங்களை உண்டாக்கினால் அவை வெள்ளி அயனைப் பிடிக்கும். சூடாக்கும்போது கபில நிறப் புகை எழும், ஆகையால் புகைக்கூண்டிற்குள் மட்டுமே செய்யுங்கள். சிலிக்காவுக்கு வெள்ளி நைத்திரேற்றுடன் அமோனியாவைச் சேர்த்துப் பீ.எச். 10 அளவில் ஏற்றினால் இன்னும் நுண்ணிய துணிக்கைகள் கிடைக்கும். 11 ஐத் தாண்டினால் சிலிக்காவே கரையத் தொடங்கும். இந்த அமோனியா கலந்த வெள்ளிக் கரைசலைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அதனை வைத்திருந்தால் தட்டினாலே வெடிக்கக்கூடிய கருமையான வீழ்படிவு உருவாகும். தேவைக்கு மட்டும் அன்றே தயாரித்து, வேலை முடிந்ததும் எஞ்சியதை ஐதான அமிலத்தால் நடுநிலையாக்கி அன்றே அகற்றுங்கள். போத்தலில் ஊற்றி மறுநாளுக்கென வைக்க வேண்டாம் மகள்.